503-இல் 267 போனால்: செட்டிநாட்டுத் திண்ணை வகுப்பில் ஆன்லைன் கணக்கு

ஐந்நூற்று மூன்றில் இருநூற்று அறுபத்தேழு போனால் மீதி எவ்வளவு? எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தாளில் 364 என்று எழுதினான். சரியான விடை 236. அதே வாரம் அவன் கைபேசியில் இருந்த கணக்குச் செயலி, கழித்தல் பாடத்துக்கு நேரே பச்சை டிக் போட்டு, முழுவதையும் முடித்துவிட்டதாகக் காட்டியது. தாள் ஒன்று சொல்கிறது, செயலி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு ஆன்லைன் கணக்குப் பாடம் உதவுகிறதா என்று நாங்கள் நடத்திய சிறு ஆய்வு இது. அந்த 364 கண்ணில் படாமல் இருந்திருந்தால், 'உதவுகிறது' என்று எழுதி முடித்திருப்பேன்.

யார், எங்கே

ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம். பெரிய வீடு ஒன்றின் திண்ணையும் முகப்பும் மாலை நேரத்தில் எங்களுக்குக் கிடைக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருவார்கள். அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், சிக்னல் வராது. திண்ணையின் கிழக்குக் கோடியில் இரண்டு புள்ளி வரும். ஆன்லைன் வகுப்பு என்றாலே எங்களுக்கு அந்த மூலைதான்.

பிள்ளைகள் எட்டுப் பேர், வயது 14 முதல் 18 வரை. ஒருவன் டைல்ஸ் பட்டறையில் கல் போடுகிறான். ஒருவன் காரைக்குடியில் வெல்டிங் பட்டறைக்குப் போகிறான், 364 எழுதியவன் இவன்தான். ஒரு பெண் அம்மாவோடு வீட்டில் பலகாரம் போடுகிறாள். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும் வீடு. மற்றவர்களும் இப்படித்தான், ஒரு வேலையும் ஒரு காரணமும் இருக்கிறது. பெயர்களை எழுதவில்லை. ஊர் சிறியது, அடையாளம் தெரிந்துவிடும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, குறைந்தது 3 மாதம், அதிகம் 2 ஆண்டு சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பதினாறு, பதினேழு வயதில் திரும்பி வருகிறவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வாசல்கள்தான். ஒன்று, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவது. இன்னொன்று, 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அங்கே ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. எங்கள் எட்டுப் பேரில் பெரும்பாலோர் முதல் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே அவர்களை மறித்து நின்றது கணக்கு.

எங்கள் கேள்வி

எங்களிடம் நான்கு கைபேசிகள் இருந்தன. எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது. சரி, சீட்டுப் போடுவோம் என்று முடிவு செய்தோம். நான்கு பேர் முதலில் தொடங்குவார்கள், மற்ற நான்கு பேர் ஆறு வாரம் கழித்து. காத்திருக்கும் நான்கு பேரையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்கு வயதோடு சேர்ந்தே கொஞ்சம் கணக்கு வரும். யாரோடும் ஒப்பிடாவிட்டால் அந்த வளர்ச்சியைக்கூட ஆன்லைனின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரண்டு விதிகள் வைத்தோம். பரீட்சை காகிதத்தில் மட்டும் நடக்கும், அதைப் பாடம் எடுத்தவர் திருத்தக் கூடாது. நடுவில் நின்றுபோன பிள்ளையை எண்ணிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது, அவரை 'மாற்றம் இல்லை' என்றே எழுத வேண்டும். இரண்டாவது விதியை நான் பிடிவாதமாகக் காத்தேன். இந்த வகைப் பிள்ளைகளில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் மிகவும் கஷ்டப்படுகிறவர்தான். அவரை விட்டுவிட்டுச் சராசரி போட்டால், யாரும் எதுவும் கற்காமலேயே சராசரி ஏறிவிடும்.

மதிப்பெண் போடவில்லை. படிகள் வைத்தோம்: கடன் வாங்காத கழித்தல், கடன் வாங்கும் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல், பின்னம். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

முதல் சுற்று

முதல் நான்கு பேருக்கும் பதிவு செய்த வீடியோ பாடங்களையும் கேள்வி கேட்கும் செயலியையும் கொடுத்தோம். வாரம் நான்கு நாள், முக்கால் மணி நேரம். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. ஆறாவது வாரத்தில் நான்கு பேரின் திரையிலும் பச்சை டிக் வரிசையாக நின்றது.

காகிதத்தில் ஒருவர்தான் ஒரு படி ஏறியிருந்தார். அவரோடு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது கல்லூரிக்குப் போகும் அவர் அண்ணன்.

வெல்டிங் பையனைக் கூப்பிட்டு, "எப்படிப் போட்டே, சொல்லு" என்றேன். ஒளிக்காமல் சொன்னான். மேலே சின்ன எண் இருந்தால் கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழித்துவிடுவான். ஏழில் மூன்று போனால் நான்கு, ஆறில் பூஜ்ஜியம் போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அதுதான் 364. கடன் வாங்கத் தெரியாதா என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பூஜ்ஜியத்துகிட்ட ஒண்ணுமே இல்லையேக்கா, அதுகிட்ட எப்படிக் கடன் வாங்குறது?"

நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ யாராவது அதைக் காதில் வாங்கியிருந்தால் அவன் பாதை வேறாக இருந்திருக்கும். செயலிக்கு அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. அது நான்கு விடைகளைக் காட்டும், தவறாகத் தொட்டால் இன்னொரு வாய்ப்புத் தரும். இவன் முதலில் 364-ஐத் தொட்டிருக்கிறான், சிவப்பு வந்ததும் அடுத்ததைத் தொட்டிருக்கிறான். மூன்று தட்டலில் பச்சை. அவன் ஏமாற்றவில்லை. தட்டத் தட்டச் சரியாகும் என்று செயலி அவனுக்குக் கற்றுக்கொடுத்தது, அவன் அதைக் கற்றுக்கொண்டான்.

சிகாகோவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று எனக்கு அப்போது நினைவு வந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தவறிய மாணவர்கள் 1,224 பேர், 17 பள்ளிகளில், அதே பாடத்தை மறுபடி எழுத வந்தார்கள். பாதிப் பேரை ஆன்லைன் வகுப்பிலும் பாதிப் பேரை நேர் வகுப்பிலும் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி நேர் வகுப்பில் 76 விழுக்காட்டினர் தேறினார்கள், ஆன்லைனில் 66 விழுக்காட்டினர். ஆன்லைன் வகுப்பு கடினமாக இருந்தது என்று அந்த மாணவர்களே சொன்னார்கள். ஏற்கனவே ஒருமுறை தவறியவருக்கு, தவறிய அதே பாடத்தைத் திரையில் மறுபடி ஓட்டிக் காட்டினால் போதாது. அவர் எந்த இடத்தில் சறுக்கினார் என்பதை யாராவது பார்க்க வேண்டும்.

காத்திருந்த நான்கு பேர்

இங்கே எங்கள் ஒப்பீடு கெட்டுப்போனது. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். தேவகோட்டையில் ஒரு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஊரில் எல்லோருக்கும் கணக்கப்பிள்ளை ஐயா. கைபேசி கிடைக்காத நான்கு பேர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வாங்கப்பா, வாய்க்கணக்குப் போடலாம்" என்று தானே ஆரம்பித்துவிட்டார். நான் கவனிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்தது பழைய எண்சுவடி. ஒன்றில் கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. இந்த ஊர்ப் பக்கம் கடல் தாண்டிக் கடை வைத்தவர்கள் வட்டி போட்ட வாய்ப்பாடு இது. பிள்ளைகள் முந்திரி என்றதும் சிரித்தார்கள், அப்புறம் விடாமல் சொன்னார்கள். 'காலும் அரைக்காலும் எத்தனை?' என்று அவர் கேட்பார். எட்டில் மூன்று என்று ஒரு பெண் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். 1/4 + 1/8 என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் 2/12 என்று எழுதியிருப்பாள், அதற்கு முன் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

ஆறு வாரம் கழித்துக் காகிதப் பரீட்சை வைத்தோம். காத்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் ஒரு படி ஏறியிருந்தார்கள். கைபேசி வைத்திருந்தவர்களைவிட ஒருவர் கூடுதல். இதை வைத்துத் திண்ணை வென்றது, கைபேசி தோற்றது என்று எழுத மாட்டேன், எண்ணிக்கை அதற்குப் போதாது. ஆனால் ஐயா செய்ததையும் செயலி செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஐயா விடையைக் கேட்டதும் உடனே, "எப்படி?" என்று கேட்பார். பிள்ளை வழியைச் சொல்லியாக வேண்டும். செயலி விடையோடு நின்றுவிடும்.

ஒன்றரைக் கல்

டைல்ஸ் பட்டறைப் பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

12 அடிக்கு 10 அடி அறை, எட்டு இஞ்சுக் கல், எத்தனை வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் 270 என்பான். எப்படி என்றால், அடிக்கு ஒன்றரைக் கல். பன்னிரண்டு அடிக்குப் பதினெட்டு, பத்து அடிக்குப் பதினைந்து. பதினெட்டுப் பதினைந்து இருநூற்று எழுபது. 'உடையறதுக்கு ஒரு பத்து சேர்த்துக்கணும்க்கா' என்றும் சொன்னான். ஆனால் செயலியில் 3/2 × 12 என்று வந்தபோது விட்டுவிட்டான். அது தனக்குத் தெரிந்த ஒன்றரைதான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. செயலி அவனைப் 'பின்னம்: தொடக்க நிலை' என்று வகுத்து வைத்திருந்தது.

இது இவன் ஒருவனுடைய கதை மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளைப் பற்றி 1985-இல் ஒரு ஆய்வு வந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. 2025-இல் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வும் இதையேதான் காட்டியது: கடையில் மின்னலாகச் சில்லறை கணக்குப் பார்க்கும் பிள்ளை, பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறுகிறது. தலைகீழாகவும் பார்த்தார்கள். பள்ளிக்கு மட்டும் போன பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் பாலம் தானாக அமையாது. "3/2-ன்னா என்ன தெரியுமா, உன் ஒன்றரைதான்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவருக்கு இவன் பட்டறையில் கல் போடுகிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று

இந்த முறை எட்டுப் பேருக்கும். வீடியோவை ஒதுக்கிவிட்டு ஆளைக் கொண்டுவந்தோம். காரைக்குடியில் கணிதம் முதுகலை படிக்கும் ஒரு பெண், வாரம் இரண்டு முறை, ஒருத்தியைத் தவிர மற்ற ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் வந்தார். வகுப்புப் பாடத்தைத் தொடவே இல்லை. பிள்ளை நின்ற படியிலிருந்து ஆரம்பித்தார்.

படியிலிருந்து ஆரம்பிப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. டெல்லியில் பள்ளி முடிந்து மாலையில் கணினிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கேயும் இடத்தைக் குலுக்கல் முறையில்தான் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. மென்பொருள் அந்தந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்பக் கேள்வி கேட்டது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் முன்னேற்றம் (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் அளவு), இது சாதாரண எண் இல்லை. ஆகவே திரை என்பதாலேயே வீண் என்று நான் சொல்லவில்லை. அங்கே திரை பிள்ளையின் நிலையைத் தேடியது, மையத்தில் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தார்.

எங்கள் மாற்றம் மிக எளிமையானது. கைபேசியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைக்காமல், பழைய அளவுப்படி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் சாய்த்து, நோட்டைப் பார்க்கும்படி வைத்தோம். மிஸ்ஸுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது, எழுதும் கை தெரியும். பென்சில் எந்த இடத்தில் நிற்கிறது, எதை அழிக்கிறது, எந்த வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறது, எல்லாம் தெரியும். வெல்டிங் பையனின் பென்சில் பூஜ்ஜியத்தின்மேல் நின்றதை முதல் அழைப்பிலேயே பார்த்துவிட்டார். ஐந்து நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்று, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக மாற்று. பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை ஐயா, 'பக்கத்து வீட்ல இல்லேன்னா அடுத்த வீட்டுக்குப் போகணும், அங்க வாங்கி இவங்க வழியாத்தான் வரணும்' என்றார். பையன் சிரித்தான், அதற்குப் பிறகு அந்தத் தவறைச் செய்யவில்லை.

நடுவில் ஒரு வாரம் மழை. நெட் விட்டு விட்டு வந்தது, படம் வராமல் குரல் மட்டும் கேட்டது. அந்த வாரம் விடையைக் கேட்டு 'சரி', 'தவறு' என்று சொல்லத்தான் முடிந்தது. பழைய தவறுகள் இரண்டு பிள்ளைகளிடம் திரும்பி வந்தன.

அப்படியென்றால் கேமராதான் காரணமா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். பலகாரப் பெண் அதை மாற்றினாள். அவளால் மாலையில் வர முடியாது, வீட்டில் இருப்பது பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமை மதியம் குரல் அழைப்பு மட்டும்தான். ஆனால் அவள் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வாள்: 'ஏழுல ஒன்பது போகாது, பக்கத்துல நாலு இருக்கு, அதை மூணாக்குறேன், இது பதினேழு.' மிஸ் அதைக் கேட்டே தவறைப் பிடித்தார். எல்லோரையும்விட வேகமாகப் படியேறியவள் அவள்தான். கேமரா இல்லாமலேயே வழி மிஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

போட்ஸ்வானாவில் கொரோனாக் காலத்தில் செய்த பரிசோதனையும் இந்த இடத்தில் பொருந்துகிறது. அங்கே சில குடும்பங்களுக்குக் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள், சில குடும்பங்களுக்கு அதோடு ஆசிரியர் போனிலும் பேசினார். பேசியவர்களிடம் 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம் தெரிந்தது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் அது தெரியவில்லை. அதற்குத் தேவைப்பட்டது சாதாரண போனும், மறுமுனையில் கேட்கிற ஓர் ஆளும்தான்.

நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 டிசம்பரில் கணக்கில் 0.73 திட்ட விலக்கம் இழப்புத் தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பக்கத்துத் தெரு அக்கா வந்து உட்கார்ந்ததால் வந்த கால் பங்கு அது.

காம்பஸ்

பதிவு செய்த வீடியோவை நாங்கள் முழுதாகத் தள்ளிவிடவில்லை. ஓர் இடத்தில் அது ஆளைவிட நன்றாக வேலை செய்தது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் 100 மதிப்பெண், தேற 35. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. தேர்ச்சியின் ஓரத்தில் நிற்கும் தனித்தேர்வருக்கு அந்த 16 மதிப்பெண்தான் பெரிய பிடிமானம். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைத் திரையில் காட்டும்போது நிறுத்தலாம், பின்னால் போகலாம், மறுபடி பார்க்கலாம். மிஸ்ஸிடம் நான்காவது முறை கேட்க வெட்கப்படும் பிள்ளை வீடியோவை நாற்பது முறை ஓட்டும். டைல்ஸ் பையன் இதில் எல்லோரையும் மிஞ்சினான். காம்பஸ் முனையை அவன் வைக்கும் நிதானம், கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்துச் சாயக் கலவை ஊற்றிப் பழகிய கையின் நிதானம்.

வடிவியலில் வீடியோ காட்டுவதே வழியைத்தான். கழித்தலில் வழி பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து தந்தது முதல் சுற்றில் நான் செய்த தவறு.

பத்து வாரம் கழித்து

எட்டுப் பேரில் இரண்டு பேர் நடுவில் போய்விட்டார்கள். ஒருவன் திருப்பூருக்கு வேலைக்கு, இன்னொருத்தி அம்மா ஊருக்கு. விதிப்படி அவர்களை 'மாற்றம் இல்லை' என்று எழுதினோம். மீதி ஆறு பேரும் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள். நான்கு பேர் வகுத்தலைத் தாண்டினார்கள். பின்னத்தை எட்டியவர்கள் மூன்று பேர், அந்த மூவரில் இருவர் ஐயாவிடம் எண்சுவடி சொன்னவர்கள். அது தற்செயலா, அரைக்கால் செய்த வேலையா என்று இந்த எட்டுப் பேரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆன்லைன் உதவியதா என்று கேட்டால், பிள்ளை கணக்குப் போடும் வழியை யாராவது பார்த்த இடங்களில், கேட்ட இடங்களில் உதவியது என்பேன். விடையை மட்டும் வாங்கிக்கொண்ட இடங்களில் பச்சை டிக்குகளைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். பள்ளியில் தொடர்ந்து இருக்கும் பிள்ளைக்குச் செயலி தவறவிட்டதை மறுநாள் ஆசிரியர் பிடித்துவிடலாம். இவர்களுக்கு மறுநாள் பட்டறைதான்.

அடுத்த அணிக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை காத்திருக்கும் பிள்ளைகளையும் ஐயாவிடமே விடுகிறோம், அதை ஒரு தனி முறையாகவே எழுதி வைத்துப் பார்க்கப் போகிறோம். மிஸ்ஸுக்கு முதல் நாளே ஒரு சீட்டுப் போகும்: எந்தப் பிள்ளை என்ன வேலை செய்கிறது, எந்த அளவை கையில் புழங்குகிறது, இஞ்சா, படியா, கிலோவா. பலகாரப் பெண் ஞாயிறு அழைப்பைத் தொடர்கிறாள், இப்போது வாய்விட்டுச் சொல்வது பின்னங்கள். அளவுப்படி திண்ணையின் கிழக்குக் கோடியிலேயே கவிழ்ந்து இருக்கிறது.